பைக்கில் காதை அடைக்கும் காற்றிரைச்சல்: காரணத்தைக் கண்டுபிடித்துக் குறைக்கும் முழு வழிகாட்டி

திருவான்மியூரில் கிளம்பி ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்துகிறீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றிய முதல் சில நிமிடங்களுக்குக் கடைக்காரர் சொல்வது பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்கிறது. காதுக்குள் ஒரு ரீங்காரம் ஓடுகிறது. பலரும் இந்தப் பழியை இன்ஜின் மேலோ சைலன்சர் மேலோ போடுகிறார்கள். ஆனால் வேகம் சுமார் 65 கி.மீ. தாண்டியதும் ஹெல்மெட்டுக்குள் கேட்பதில் பெரும்பங்கு காற்றின் சத்தம்தான்.

அதைக் குறைக்க நினைத்ததும் விலை உயர்ந்த ஹெல்மெட் தேடிப் போவதுதான் வழக்கம். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் காதைக் காப்பாற்றுங்கள். அடுத்து, இரைச்சல் எந்த வழியாக வருகிறது என்று சோதித்துக் கண்டுபிடியுங்கள். பிறகு தாடைக்குக் கீழே இருக்கும் இடைவெளியை அடையுங்கள். அதன்பின் பைக்கின் முன்கண்ணாடியைச் (விண்ட்ஸ்கிரீன்) சரிசெய்யுங்கள். இவ்வளவும் செய்து முடித்தவர்களில் பலருக்குப் புது ஹெல்மெட் தேவைப்படுவதே இல்லை.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்

100 கி.மீ. வேகத்தில், முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட்டுக்குள்ளேயே 95 முதல் 100 டெசிபல் வரை சத்தம் இருக்கும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிறது. 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி, 97இல் அரை மணி, 100இல் வெறும் கால் மணி. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஈ.சி.ஆர். வழியாக ஏறத்தாழ 150 கி.மீ., நிறுத்தி நிறுத்திப் போனால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. காதுக்கு அன்றைக்கு உரிய அளவு பாதி வழியிலேயே தீர்ந்துவிடுகிறது.

வேகம் கூடும்போது காற்றிரைச்சல் அதே விகிதத்தில் கூடுவதில்லை, பாய்ந்து ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் 15 டெசிபலுக்கு மேல் கூடும். 100இலிருந்து 80க்கு இறங்கினாலே சுமார் 5 டெசிபல் குறையும், அதாவது காது தாங்கும் நேரம் மூன்று மடங்காகும். நான்குவழி நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்துக்கு 2018இல் மத்திய அரசு அறிவித்த உச்சவரம்பும் 80 கி.மீ.தான். காசு செலவில்லாத முதல் மருந்து அது.

முதலில் காதடைப்பான்

இந்த இரைச்சலில் ஓங்கி நிற்பது தாழ்ந்த சுருதியில் வரும் உறுமல். ஹெல்மெட்டின் துணியும் ஸ்பாஞ்சும் உச்ச சுருதியை ஓரளவு உறிஞ்சும், உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. காதுத் துளையையே அடைக்கும் இயர்பிளக் மட்டுமே அதை நன்றாகக் குறைக்கும். வீட்டுப் பஞ்சை உருட்டி வைப்பது பயன்படாது. பஞ்சின் இழைகளுக்கு நடுவே காற்று புகுந்து போகும், சத்தமும் கூடவே போகும்.

தொழிற்சாலைகளில் தருகிறார்களே, ஆரஞ்சு நிறத்தில் குவிந்த வடிவ ஃபோம் பிளக், 3எம் 1100 போன்றவை, அதுவே போதும். ஒரு ஜோடி சில பத்து ரூபாய்க்குள் கிடைக்கும். பாக்கெட்டில் 29 டெசிபல் என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஆய்வகத்தில் கிடைத்த எண். ஒழுங்காகச் செருகினால் சாலையில் 15 முதல் 20 வரை எதிர்பார்க்கலாம், அரைகுறையாகச் செருகினால் பத்துகூடத் தேறாது. 97 டெசிபலில் 17 குறைந்தால் 80, நாள் முழுக்க ஓட்டினாலும் காது தாங்கும். ஆகவே எந்த பிராண்ட் என்பதைவிட எப்படிச் செருகுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது:

1. கையைக் கழுவுங்கள். செயின் எண்ணெயும் பிரேக் தூசியும் ஒட்டிய விரலால் தொட்ட பிளக்கைக் காதுக்குள் விடக் கூடாது.
2. பிளக்கை இரு விரலுக்கிடையே மெதுவாக உருட்டி, மடிப்பு விழாமல் அகல்திரி போல ஒல்லியாக்குங்கள். மடிப்பு விழுந்தால் அந்தக் கோட்டின் வழியாகவே சத்தம் கசியும்.
3. வலது காதுக்குச் செருகும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து வலது காதின் மேல்விளிம்பை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த காதுக் குழாய் நேராகும். பெரும்பாலானவர்கள் விடும் தவறு இந்தப் படியைத் தாண்டிப் போவதுதான்.
4. உடனே உள்ளே விட்டு, விரல் நுனியால் 20 முதல் 30 விநாடி பிடித்திருங்கள். விட்டுவிட்டால் ஃபோம் விரியும்போது தானே வெளியே நகரும்.
5. சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். பேசினால் உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிக்க வேண்டும். இரு உள்ளங்கையாலும் காதைப் பொத்தி எடுங்கள். வெளிச்சத்தம் பெரிதாக மாறினால் பிளக் சரியாக அடைக்கவில்லை.

பிளக்கின் பின்முனை காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் ஹெல்மெட் போடும்போது கன்னத்தை அழுத்தும் மெத்தையான சீக் பேட் அதைத் தட்டிச் சாய்த்துவிடும். கழற்றும்போது சட்டென்று இழுக்காமல் மெல்லத் திருகி எடுங்கள். சென்னை வியர்வையில் ஃபோம் சீக்கிரம் அழுக்காகும். அழுக்கானதும், விரிவது மந்தமானதும் தூக்கிப் போட்டுவிடுங்கள். காதில் சீழோ வலியோ இருக்கும்போது வைக்கவே வேண்டாம்.

காதை அடைத்தால் ஹார்ன் கேட்காதே என்ற பயம் நியாயமானது. நெடுஞ்சாலை வேகத்தில் நடப்பது வேறு. பிளக் காற்றிரைச்சலையும் ஹார்னையும் சேர்த்தே குறைக்கிறது, திணறிக்கொண்டிருந்த காதுக்கு ஹார்னைப் பிரித்துக் கேட்பது எளிதாகிறது. ஆனால் தி.நகர் நெரிசலிலும் கத்திப்பாராவிலும் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது அடைப்பான் தேவையில்லை. தாம்பரமோ அக்கரையோ தாண்டி ஓரமாக நிறுத்திச் செருகிக்கொள்ளுங்கள். அடிக்கடி வெளியூர் போகிறவர்கள், காது கேட்கும் கருவி பொருத்தும் கடைகளில் காதுக்கு அளவெடுத்துச் செய்து தரும் சிலிகான் அடைப்பானை வாங்கிக்கொள்ளலாம். பேசவும் வழி கேட்கவும் ஹெல்மெட்டில் இன்டர்காம் வைத்திருப்பவர்கள் இரைச்சலை மிஞ்சிக் கேட்க வால்யூமை ஏற்றுவது காதுக்கு இரட்டை அடி. அடைப்பானைப் போட்டுக்கொண்டால் வழி சொல்லும் குரல் குறைந்த வால்யூமிலேயே தெளிவாகக் கேட்கும்.

சோதனைக்கு நேரமும் சாலையும்

காரணத்தைத் தேடும்போது ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். ஒரே சாலை, ஒரே திசை, ஒரே வேகம், ஒரே கியர். கோவளத்துக்குத் தெற்கே ஈ.சி.ஆரும், செங்கல்பட்டு தாண்டி மதுராந்தகம் வரையிலான ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையும் இதற்கு ஏற்றவை. நேரம் காலை ஆறு மணி வாக்கில். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று கிளம்பிவிட்டால் தெற்கு நோக்கிப் போகிறவருக்கு இடது பக்கத்திலிருந்து அடிக்கும், முட்டுக்காடு பாலத்தில் வண்டியையே தள்ளும். அப்போது கேட்பது ஹெல்மெட்டின் குறையா, கடல்காற்றா என்று பிரிக்க முடியாது. அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக் காற்றில் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். லாரிக்குப் பின்னால் போகும்போது கேட்பதையும் கணக்கில் சேர்க்காதீர்கள், அதன் முதுகில் காற்று சுழன்றுகொண்டே இருக்கும்.

செல்போனில் டெசிபல் அளக்கும் செயலி இதற்கு உதவாது. மைக்கில் நேராகக் காற்று பட்டால் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. சோதனை ஓட்டத்தைச் சில நிமிடங்களோடு நிறுத்திக்கொண்டு, அடைப்பான் இல்லாமல் காதால் கேட்டு, நின்றதும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்கும் சத்தம் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். கூர்மையான விசில் என்றால் ஏதோ ஒரு சிறு பிளவு வழியாகக் காற்று போகிறது. முகத்தை மூடும் தகடான வைசரின் ரப்பர், காற்றுத் துளை, பைக்கில் திறந்து கிடக்கும் குழாய் ஆகியவற்றில் தேடுங்கள். இடைவிடாத உறுமல் என்றால் பெரும்பாலும் கழுத்துப் பக்கத்திலிருந்து வருகிறது. படபடவென்று அடித்துத் தலையும் சேர்ந்து உதறினால், பார்வை லேசாக நடுங்கினால், முன்கண்ணாடிதான் குற்றவாளி.

தாடைக்குக் கீழே இருக்கும் வாசல்

ஹெல்மெட்டின் அடிப்பக்கம் திறந்த பானை வாய். தாடைக்கு முன்னால் வளைந்து வரும் பகுதியான தாடைப் பட்டியின் கீழ்விளிம்பில் மோதும் காற்று சுழன்று அந்த வாய் வழியாக உள்ளே முழங்குகிறது. காற்றுச் சுரங்கத்தில் செய்த ஆய்வுகளும் இரைச்சலின் முக்கிய இடமாகத் தாடைப் பகுதியையே காட்டியிருக்கின்றன.

சோதிப்பது சுலபம். ஒரு மெல்லிய பருத்தித் துண்டைக் கழுத்தைச் சுற்றி, தாடைக்குக் கீழ் இடைவெளி நிரம்பும்படி அமைத்து, முனைகள் இரண்டையும் ஜாக்கெட்டுக்குள் நன்றாகச் செருகிவிடுங்கள். வெளியே தொங்கும் முனை ஆபத்து. அதே சாலையில் அதே 70 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். உறுமல் இறங்கினால் விடை கிடைத்துவிட்டது. நிரந்தரத் தீர்வு இரண்டு: தாடைப் பட்டியின் உள்விளிம்பில் செருகும் சின் கர்ட்டன் என்ற துணித்திரை, அல்லது குழாய்போல் கழுத்தில் மாட்டும் நெக் பஃப். சில ஹெல்மெட்டுகளோடு சின் கர்ட்டன் பெட்டியிலேயே வரும், பலர் அதைப் பிரிக்காமல் வைத்திருப்பார்கள். தனியாக வாங்கினால் உங்கள் மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். பொருந்தாதது 80 கி.மீ. வேகத்தில் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

சென்னையில் இதற்கு ஒரு விலை உண்டு. அடிப்பக்கத்தை மூடினால் மூச்சுக் காற்று வெளியேற வழி குறையும். சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால் உள்ளே வெந்துவிடும், ஐப்பசி மழையில் வைசர் உடனே பனிக்கும். ஊருக்குள் கழற்றி வைத்து, நெடுஞ்சாலையில் மட்டும் மாட்டுங்கள். மழையில் மாட்டியே ஆகவேண்டுமானால் வைசருக்குள் பின்லாக் போன்ற பனி தடுக்கும் தகடு அவசியம்.

அடுத்தது சீக் பேட். வியர்வையும் வெயிலும் சேர்ந்து அதன் ஸ்பாஞ்சைச் சப்பையாக்கிவிடும். ஹெல்மெட்டை மாட்டி, பட்டையைப் பூட்டி, தலையை அசைக்காமல் ஹெல்மெட்டை மட்டும் இரு கையாலும் பக்கவாட்டில் திருப்புங்கள். கன்னத்துத் தோல் கூடவே இழுபட வேண்டும். ஹெல்மெட் வழுக்கிக்கொண்டு திரும்பினால் பேட் தளர்ந்துவிட்டது. முதலில் கழற்றி, குழந்தைகளுக்கான ஷாம்பு கலந்த தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து நிழலில் காயவையுங்கள். அதற்குப் பிறகும் தொளதொளவென்று இருந்தால், அதே நிறுவனத்தின் தடிமன் கூடிய பேட் இருக்கிறதா என்று கேளுங்கள், 5 மி.மீ. கூடினாலே வித்தியாசம் தெரியும். தெர்மாகோல் போன்ற உள் ஓடு இருக்கிறதே, அதை வெட்டுவது, அதன் மேல் பசை ஊற்றி ஸ்பாஞ்ச் ஒட்டுவது இரண்டும் கூடாது. விபத்தில் அடியை வாங்கிக்கொள்வது அந்த ஓடுதான், பசையின் கரைப்பான் அதைத் தின்றுவிடும்.

கண்ணாடி அணிபவர்களுக்கு அதன் காம்பு பேடைத் தூக்கி ஒரு பிளவை உண்டாக்கும். மெல்லிய, நேரான காம்புள்ள கண்ணாடியை வண்டிக்கென்று வைத்துக்கொள்ளலாம்.

வைசரும் காற்றுத் துளைகளும்

நோட்டுத்தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழியுங்கள். வைசரின் மேல்விளிம்பில் இடது, நடு, வலது என மூன்று இடத்திலும், இரு பக்கங்களிலும் அதை ஒவ்வொன்றாக வைத்து வைசரை மூடி இழுங்கள். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் இடம்தான் விசிலடிக்கும் இடம். வைசரைத் தாங்கும் பக்கவாட்டு பேஸ் பிளேட்டை நகர்த்தும் வசதியுள்ள ஹெல்மெட்டில் அதன் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, வைசரை மூடி ரப்பரோடு அழுத்திப் பிடித்தபடி மறுபடி முடுக்குங்கள். ரப்பரில் படிந்த மண்ணை ஈரத்துணியால் துடைத்து, சிலிகான் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு தடவுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது, ரப்பர் உப்பிப்போகும், வைசரில் வெடிப்பு விழும்.

விசில் இன்னும் நிற்கவில்லையென்றால் எலக்ட்ரீஷியன் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பை எடுங்கள். மேல் துளை, நெற்றித் துளை, தாடைத் துளை, பின்துளை என்று ஒவ்வொன்றாக மூடி ஒவ்வொரு ஓட்டம். எதை மூடினால் விசில் நிற்கிறதோ அதை மட்டும் நெடுஞ்சாலையில் மூடி வைத்தால் போதும். நம் ஊர் வெயிலில் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு ஓட்டுவது மயக்கத்துக்கு வழி. ஆஃப்ரோடு ஹெல்மெட்டின் முன்தொப்பி, உச்சியில் ஒட்டிய கேமரா ஸ்டாண்ட், கழுத்தடியில் பூட்டும் பட்டையின் தொங்கும் நுனி ஆகியவையும் சத்தம் தரும். முதல் இரண்டைக் கழற்றிவிடுங்கள், நுனியைக் கிளிப்பில் செருகிவிடுங்கள்.

முன்கண்ணாடி: உதவியா, உபத்திரவமா

முன்கண்ணாடி வைத்தால் சத்தம் குறையும் என்று நம்பி வாங்கியவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள். கண்ணாடியே இல்லாத வண்டியில் ஹெல்மெட்டின் மேல் படுவது சீரான காற்று. அழுத்தம் நெஞ்சில் தெரியும், ஆனால் சத்தம் ஒரே மாதிரி இருக்கும். கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டி வரும் காற்றோ சுருள் சுருளாகப் பிய்ந்து வருகிறது. கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்திருப்பதால் அந்தச் சுருள் கீழ்நோக்கி இழுபட்டு, சரியாகக் கழுத்து உயரத்தில் வந்து மோதுகிறது. மேலே சொன்ன பானை வாய் இருப்பதும் அங்கேதான்.

ஆகவே கண்ணாடி குட்டையாக இருந்து காற்று நெஞ்சில் படலாம், அல்லது உயரமாக இருந்து ஹெல்மெட்டுக்கு மேலே போகலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் மோசம். உங்களுடையது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இரு கையும் ஹேண்டில்பாரில் இருக்கும்போதே கண்டுபிடிக்கலாம். காலியான நேர்ச்சாலையில் 60 முதல் 70 கி.மீ. வேகத்தில், இடுப்பை வளைத்துத் தலையைச் சுமார் 10 செ.மீ. தாழ்த்துங்கள். பிறகு நிமிர்ந்து, ஃபுட்ரெஸ்டை அழுத்தி 5 முதல் 8 செ.மீ. உயருங்கள். தாழ்ந்தால் அமைதியானால் உயரமான கண்ணாடி தேவை. உயர்ந்தால் அமைதியானால் குட்டையானது தேவை. இரண்டிலும் மாற்றமில்லையென்றால் கண்ணாடியை விட்டுவிட்டு ஹெல்மெட்டைப் பாருங்கள்.

குட்டையாக்குவதே பெரும்பாலும் செலவு குறைந்த வழி. பல மாடல்களில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும். உயர்த்துவதானால் முழுக் கண்ணாடியை மாற்றும் முன், மேல்விளிம்பில் கவ்விப் பிடித்துக் காற்றைத் திருப்பும் சிறிய டிஃப்லெக்டரை முயன்று பாருங்கள், அதன் கோணத்தை மாற்றிக்கொண்டே வரலாம். கண்ணாடியின் மேல்விளிம்பு உங்கள் பார்வைக் கோட்டுக்கு 5 செ.மீ.யாவது கீழே இருக்கட்டும். இரவில், மழையில், எதிரே பஸ்ஸின் ஹெட்லைட் அடிக்கும்போது கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியாகச் சாலையைப் பார்க்கும் நிலை வரக் கூடாது.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது: கண்ணாடியின் அடியில் காற்று புக இடம் விடுவது. கண்ணாடிக்கும் அதன் தாங்கிக்கும் நடுவே, ஒவ்வொரு போல்ட்டிலும் 8 முதல் 10 மி.மீ. நைலான் ஸ்பேசர் வைத்து முன்தள்ளினால், கீழிருந்து நுழையும் காற்று பின்பக்கத்துக் குறையழுத்தத்தை நிரப்பும். சுருள் கீழே இழுபடுவது குறையும், தலை உதறல் தணியும். தள்ளிய அளவுக்கு நீளமான போல்ட் வேண்டும். பெரும்பாலான கண்ணாடிகளில் 5 மி.மீ. போல்ட்டும் ரப்பர் நட்டும் இருக்கும். பிளாஸ்டிக்கைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர் போடுங்கள். கையால் முடுக்கி நின்றதும் அரைச் சுற்றுக்கு மேல் போக வேண்டாம், துளையைச் சுற்றி வெடிப்பு விடும். போல்ட் தளராமல் இருக்கத் தடவும் நீல லாக் திரவம் பாலிகார்பனேட்டில் பட்டால் சில நாளில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். அதற்குப் பதில் ரப்பர் நட்டின் பிடியை நம்பி, முதல் 100 கி.மீ.க்குப் பிறகு ஒருமுறை சரிபாருங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கண்ணாடி எதிலும் இடிக்கவில்லை, கிளட்ச் கேபிள் இழுபடவில்லை என்று பார்த்த பிறகே சாலைக்குப் போங்கள்.

பைக்கிலேயே ஊதும் புல்லாங்குழல்

ஹெல்மெட்டைச் சரிசெய்தும் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஒரு ஊளை கேட்டால் வண்டியைச் சுற்றி வாருங்கள். கிராஷ் கார்டு, பக்கப் பைகளைத் தாங்கும் சாடில் ஸ்டே போன்றவற்றின் குழாய் முனையில் மூடி விழுந்திருந்தால் காற்று அதன் வாயில் ஊதும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரப்பர் மூடி போதும். செல்போன் ஹோல்டர், மிரரின் உயரம், டேங்க் மேல் வைத்த பை ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றியோ மாற்றியோ பாருங்கள்.

புது ஹெல்மெட் வாங்குவதென்றால்

அளவு தெரியாமல் ஆன்லைனில் வாங்காதீர்கள். புருவத்துக்கு இரண்டரை செ.மீ. மேலே தையல் டேப்பால் தலையைச் சுற்றி அளந்துகொண்டு, அண்ணா சாலைப் பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளுக்கு வண்டியிலேயே போங்கள். பத்து நிமிடம் மாட்டியிருங்கள். கன்னம் நன்றாக அழுந்த வேண்டும், நெற்றி வலிக்கக் கூடாது. பிறகு கடைக்காரரிடம் கேட்டு, மாட்டியபடியே உங்கள் வண்டியில் உட்கார்ந்து ஓட்டும் நிலையில் குனியுங்கள். தாடைப் பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது என்று பாருங்கள், குறைவாக இருப்பதே நல்லது. தாடை தூக்கித் திறக்கும் மாடுலர் வகை பொதுவாக முழுமுக ஹெல்மெட்டைவிடச் சத்தம் கூடியது, முகம் திறந்தது அதைவிட மோசம். ஐ.எஸ். 4151 எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும், 2021 ஜூன் முதல் அது இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. ஆனால் அந்த முத்திரையை வைத்து எது அதிக அமைதி என்று ஒப்பிட முடியாது. அதை உங்கள் கழுத்தும் கன்னமும்தான் சொல்லும்.

பயணம் முடிந்து மறுநாள் காலையிலும் காதில் ரீங்காரம் நிற்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், நெடுந்தூரம் பைக் ஓட்டுவதைச் சொல்லி, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுங்கள். இரைச்சலால் வரும் பாதிப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளமாகத் தெரியும். அந்தச் சுருதி போனால் பேச்சில் 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் மங்கும். போன கேட்கும் திறன் திரும்பி வராது என்பதால், ரீங்காரம் இல்லாத இப்போதே ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்தால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.